குவேசார்களும் மோதிக்கொள்ளும் கேலக்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியலில் கொஞ்சம் ஆர்வம் வந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் குவேசாரில் வந்து நிற்பார்கள். அப்புறம் வரிசையாகக் கேள்விகள் வரும். அதில் பாதி, குவேசார் குடியிருக்கும் கேலக்சியைப் பற்றியதாகவே இருக்கும்: அது ஏன் கிழிந்து கிடக்கிறது, பக்கத்தில் இன்னொன்று ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மோதல்தான் குவேசாரைப் பற்றவைக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றி வானியலாளர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவாதமும் அதுதான் என்பதால், அங்கே மட்டும் பதில் நீளமாக இருக்கும்.

குவேசார் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு கேலக்சியின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை சுற்றியுள்ள வாயுவை வேகமாக விழுங்கும்போது, விழப்போகும் வாயு சூடாகி எரியும் வெளிச்சம்தான் குவேசார். அந்த வெளிச்சம் அதன் கேலக்சியில் உள்ள எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

பார்க்க வெறும் நட்சத்திரம் மாதிரி இருக்கிறதே, தொலைவில் இருப்பது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இதில் கதாநாயகன் 3சி 273 என்ற குவேசார். ரேடியோ அலைகளை வீசும் ஏதோ ஒன்று கன்னி ராசிப் பக்கம் இருப்பது 1950களிலேயே தெரியும், ஆனால் அன்றைய ரேடியோ டெலஸ்கோப்புகளால் அது எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. 1962இல் சந்திரன் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு கடந்துபோனது. சந்திரனின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் ரேடியோ சிக்னல் எந்த நொடியில் நின்றது, எந்த நொடியில் திரும்பி வந்தது என்று குறித்தால் இடம் தானாகக் கிடைத்துவிடும். சிரில் ஹஸார்டும் அவருடன் இருந்தவர்களும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் டெலஸ்கோப்பில் இதைச் செய்தார்கள். அந்த இடத்தில் இருந்தது 13ஆம் ஒளிர்வுத் தரத்தில் (எண் கூடக்கூட மங்கல்) சாதாரண நீல நட்சத்திரம் போல ஒன்று, அதன் பக்கத்தில் மெல்லிய கீற்று ஒன்று.

கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் இருக்கும் 200 அங்குல டெலஸ்கோப்பில் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுத்தார். எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடுகள். 1963 பிப்ரவரியில் அவருக்குப் பிடிபட்டது: அவை நமக்கு நன்றாகப் பழக்கமான ஹைட்ரஜன் கோடுகள்தான், எல்லாமே சுமார் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. பிரபஞ்சம் விரிவதால், ஒரு பொருள் எவ்வளவு தூரமோ அவ்வளவு அதிகமாக அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். அந்தச் செம்பெயர்ச்சியைத் தூரமாக மாற்றினால் ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டு வருகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒரு சிறிய டெலஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் அது நம் சூரியனைப் போல 4 லட்சம் கோடி மடங்கு வெளிச்சம் தர வேண்டும்.

இன்னொன்று. ஹார்வர்டில் சேமித்து வைத்திருந்த பழைய கண்ணாடித் தகடுகளைத் தேடிப் பார்த்தபோது, 1880களிலிருந்தே 3சி 273 படங்களில் விழுந்திருந்தது தெரியவந்தது. எழுபது வருடத்துக்கும் மேலாக எத்தனையோ பேர் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள், யாரும் நின்று பார்க்கவில்லை.

சந்திரன் மறைக்கும் நேரத்தைக் குறிக்கும் இந்த முறைக்காகவே கட்டப்பட்ட டெலஸ்கோப் ஒன்று நம் ஊட்டியில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முத்தோரையில் எழுந்து 1970இல் வேலையைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, அதே 11 டிகிரிச் சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காக அமைத்ததால், டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அதனால் அந்த ஒரே அச்சில் சுழற்றினாலே போதும், வானத்தில் ஓர் இடத்தை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை அது சந்திரனை வைத்தே அளந்தது. அந்த அமைப்பை எப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவ்வளவு வெளிச்சம் ஒரு சின்ன இடத்திலிருந்து எப்படி வர முடியும்?

முதலில், இடம் சின்னது என்று எப்படித் தெரியும்? குவேசார்களின் வெளிச்சம் வாரங்களில், சில சமயம் நாட்களிலேயே கூடிக் குறைகிறது. ஒரு பொருள் முழுவதுமாகச் சேர்ந்து மங்க வேண்டுமானால், ஒளி அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கும் நேரமாவது ஆகும். எனவே வெளிச்சம் வரும் பகுதி சில ஒளிநாட்கள், ஒளிவாரங்கள் அகலம்தான் இருக்க முடியும்.

அடுத்து, ஆற்றல். நட்சத்திரங்களுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையைச் சுற்றித் தட்டு போலச் சுழன்று உள்ளே இறங்கும் வாயு, உராய்ந்து சூடாகி, எல்லையைத் தாண்டுவதற்குள் தன் நிறையில் சுமார் 10 சதவீதத்தை ஆற்றலாகக் கொட்டிவிடுகிறது. 1964இலேயே எட்வின் சால்பீட்டரும் யாகோவ் ஸெல்டோவிச்சும் தனித்தனியாக இந்த யோசனையைச் சொன்னார்கள். 3சி 273 ஒளிர ஆண்டுக்கு இரண்டு மூன்று சூரியன்கள் அளவு வாயு போதும்.

அதன் கருந்துளையின் நிறை சுமார் 30 கோடி சூரியன்கள். சிலியில் உள்ள நான்கு பெரிய டெலஸ்கோப்புகளின் ஒளியை ஒன்றாக இணைக்கும் கிராவிட்டி கருவி, கருந்துளையைச் சுற்றிப் பறக்கும் வாயு மேகங்களின் அசைவையே பிரித்துப் பார்த்து 2018இல் இந்த அளவைத் தந்தது. அந்த மேகங்கள் இருப்பது மையத்திலிருந்து சுமார் 150 ஒளிநாள் தூரத்தில். 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதில் இவ்வளவு நுணுக்கம்!

எல்லாப் பெரிய கேலக்சியிலும்தான் கருந்துளை இருக்கிறதே, எல்லாம் ஏன் குவேசாராக எரிவதில்லை?

சாப்பாடு போய்ச் சேர வேண்டுமே. கருந்துளை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது நடப்பதில்லை. கேலக்சியில் உள்ள வாயு மையத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சி, அதாவது கோண உந்தம், இருக்கும்வரை அது உள்ளே விழாது. பூமி சூரியனுக்குள் விழாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். பல ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் சுற்றும் வாயு சில ஒளிநாள் தூரத்துக்கு வர வேண்டுமென்றால் தன் கோண உந்தத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். யாரிடம் கொடுக்கும்? குவேசார் பற்றிய கேள்விகளிலேயே கடினமானது இதுதான். மோதல் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

இரண்டு கேலக்சி மோதினால் நட்சத்திரங்கள் எல்லாம் இடித்துக்கொள்ளுமா?

இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு பெரியது. இரண்டு கேலக்சிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தாலும் நட்சத்திரங்கள் நேருக்கு நேர் இடித்துக்கொள்வது மிக மிக அரிது. ஈர்ப்புதான் வேலையைக் காட்டும். ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் அருகிலிருக்கும் பக்கத்தை அதிகமாகவும் தூரத்துப் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால், இரண்டும் நீண்டு, நட்சத்திரங்கள் வால் வாலாக வெளியே வீசப்படும். 1972இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் அன்றைய கம்ப்யூட்டரில் இதைக் கணக்கிட்டு, வானத்தில் நிஜமாகத் தெரியும் விசித்திர வால்களை அப்படியே வரைந்து காட்டினார்கள்.

வாயுவின் கதை வேறு. வாயு மேகங்கள் பெரியவை, அவை நிஜமாகவே மோதும், அழுந்தும். அதோடு மோதலின் இழுப்பில் கேலக்சியின் நட்சத்திரங்கள் நீண்ட பட்டையாக ஒதுங்குகின்றன, வாயுவும் பட்டையாக ஒதுங்குகிறது, ஆனால் வாயுப் பட்டை நட்சத்திரப் பட்டைக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. பின்னால் வரும் நட்சத்திரப் பட்டை தன் ஈர்ப்பால் வாயுவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி வாயு இழக்கும் கோண உந்தத்தை நட்சத்திரங்கள் வாங்கிக்கொள்ளும், வாயு மையத்தை நோக்கிச் சரியும். ஜோஷுவா பார்ன்ஸும் லார்ஸ் ஹெர்ன்க்விஸ்டும் 1990களில் செய்த கணினி உருவகங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. முந்தைய கேள்வியில் ‘யாரிடம் கொடுக்கும்’ என்று கேட்டதற்கு ஒரு நல்ல பதில் கிடைத்துவிட்டது.

2005இல் டிசியானா டி மட்டேயோ, வோல்கர் ஸ்பிரிங்கல், ஹெர்ன்க்விஸ்ட் மூவரும் இன்னும் ஒரு படி போய், கருந்துளைகளையும் உள்ளே வைத்து மோதலை ஓட்டிப் பார்த்தார்கள். வாயு மையத்தில் குவிந்தது, குவேசார் பற்றிக்கொண்டது, அதன் ஆற்றலே மிச்ச வாயுவை வெளியே தள்ளியது, தீனி தீர்ந்து அணைந்தது.

கணினியில் சரி. வானத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்களா?

நிறையவே. ஜான் பாக்கால் குழுவும் வேறு குழுக்களும் 1990களில் ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்பால் எடுத்த படங்களில் பிஜி 1012+008 என்று ஒன்று உண்டு: சுமார் 160 கோடி ஒளியாண்டு தூரத்தில், குவேசாரும் ஒரு பிரகாசமான கேலக்சியும் வெறும் 31,000 ஒளியாண்டு இடைவெளியில் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அதே தொகுப்பில் பிஜி 0052+251 ஒரு சேதாரமும் இல்லாத சுருள் கேலக்சியில் உட்கார்ந்திருக்கிறது, பிஎச்எல் 909 அமைதியான நீள்வட்டக் கேலக்சியில் இருக்கிறது. விவாதம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பிடித்தது எஸ்டிஎஸ்எஸ் ஜே1254+0846. 460 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு குவேசார்கள், நடுவில் சுமார் 70,000 ஒளியாண்டு. சிலியில் இருக்கும் மாகெல்லன் டெலஸ்கோப்பில் ஆழமாகப் படம் எடுத்தபோது இரண்டு பக்கமும் நீண்ட வால்கள் தெரிந்தன. இரண்டு கேலக்சிகள் மோத, இரண்டின் கருந்துளைகளும் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருக்கின்றன. 2010இல் வெளியான இதுதான், இரட்டைக் குவேசார் ஒன்று மோதலின் நடுவில் கண்ணெதிரே பிடிபட்ட முதல் தெளிவான உதாரணம்.

குவேசாரின் கேலக்சியைப் படம் எடுப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

ராத்திரி ரோட்டில் எதிரே வருபவர் ஹைபீம் போட்டு வந்தால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாதே, அதே கஷ்டம்தான். குவேசார் ஒரு புள்ளி. ஆனால் எந்த டெலஸ்கோப்பும் புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது. நடுவில் ஒரு உருண்டை, சுற்றி வளையங்கள், துணைக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் குறுக்கே நாலு கூர்கள் என்று பரப்பிவிடும். கேலக்சி அந்தப் பரவலுக்கு அடியில் கிடக்கிறது.

வழி என்னவென்றால், ஏதாவது ஒரு தனி நட்சத்திரத்தை அதே கேமராவில், அதே வடிகட்டியில், முடிந்தால் சென்சாரின் அதே மூலையில் படம் எடுத்து, அதை அளவு பொருத்திக் குவேசாரின் படத்திலிருந்து கழிப்பது. சொல்ல எளிது. நட்சத்திரத்தின் நிறம் குவேசாரின் நிறத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வளையங்களின் அளவு மாறிவிடும். ஹப்பிள் ஒவ்வொரு சுற்றிலும் வெயிலில் சூடாகி நிழலில் குளிர்வதால் அதன் குவியம் நுண்ணளவில் முன்னும் பின்னும் போகும், காலையில் எடுத்த நட்சத்திரம் மாலையில் எடுத்த குவேசாருக்குப் பொருந்தாமல் போகலாம். கொஞ்சம் கூடுதலாகக் கழித்தால் கேலக்சியின் நடுப்பகுதியையும் சேர்த்து அழித்துவிடுவோம், குறைவாகக் கழித்தால் இல்லாத கேலக்சி இருப்பது போலத் தெரியும். 1990களின் நடுவில் ‘சில குவேசார்களுக்குக் கேலக்சியே இல்லை’ என்று ஒரு பரபரப்பு எழுந்ததும், பிறகு கவனமாகக் கழித்துப் பார்த்தபோது அவற்றில் கேலக்சிகள் வெளிப்பட்டதும் இதனால்தான்.

சில குவேசார்களில் இயற்கையே உதவி செய்கிறது. மையத்தைச் சுற்றியிருக்கும் தூசு நம் பார்வைக்குக் குறுக்கே நின்று கண்கூசும் வெளிச்சத்தை மறைத்துவிடும். இரண்டாம் வகைக் குவேசார் என்று இவற்றைச் சொல்கிறார்கள். கழிக்க வேண்டியதே இல்லை, கேலக்சி பளிச்சென்று தெரியும். அடுத்த பதிலில் இது முக்கியமாகிறது.

மோதலுக்கும் குவேசாருக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு ஆய்வு சொல்கிறதாமே?

2011இல் வந்த மொரிசியோ சிஸ்டெர்னாஸ் குழுவின் ஆய்வாக இருக்கும். நல்ல ஆய்வு, அதை மதிக்க வேண்டும். ஹப்பிளின் படங்களில் மையம் எரியும் 140 கேலக்சிகளையும், ஒப்பிடுவதற்காக எரியாத 1,264 கேலக்சிகளையும் எடுத்தார்கள். எரியாதவற்றின் நடுவில் போலியாக ஒரு நட்சத்திரப் புள்ளியை ஒட்டி, எது எரிவது எது எரியாதது என்று தெரியாதபடி கலந்து, பத்துப் பேரிடம் கொடுத்து ‘எது உருக்குலைந்திருக்கிறது’ என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். மோதல்தான் காரணம் என்றால் எரியும் பக்கம் கூடுதலாக இருந்திருக்க வேண்டுமே?

ஆனால் அந்த 140இல் பெரும்பாலானவை நடுத்தர வெளிச்சம் உள்ளவை. மெதுவாகத் தின்னும் கருந்துளைக்கு, கேலக்சிக்குள்ளேயே இருக்கும் பட்டையோ, தற்செயலாக உள்ளே விழும் மேகமோ போதும், மோதல் தேவையில்லை. ஆண்டுக்குச் சூரியன்கள் கணக்கில் வாயு வேண்டும் என்னும் உண்மையான குவேசாருக்கு அது எப்படிப் போதும்? 2012இல் எஸக்கியேல் ட்ரைஸ்டர் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளிச்சம் கூடக்கூட மோதிக்கொண்டிருப்பவற்றின் பங்கும் ஏறிக்கொண்டே போனது. 2015இல் எய்லாட் க்ளிக்மன் குழு தூசு மூடிய, மிகப் பிரகாசமான 11 சிவப்புக் குவேசார்களை ஹப்பிளின் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தது. 11இல் 8 மோதலில் இருந்தன.

இன்னொரு விஷயம், படத்தின் ஆழம். மோதலின் வால்கள் மிக மங்கலானவை, குறைந்த நேரம் எடுத்த படத்தில் கேலக்சி ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். வர்டா பென்னர்ட் குழு 2008இல், ‘அமைதியான நீள்வட்டக் கேலக்சி’ என்று முன்பு வகைப்படுத்திய ஐந்து குவேசார்களின் இருப்பிடங்களை ஹப்பிளில் நீண்ட நேரம் படம் எடுத்தார்கள். ஐந்தில் நான்கில் ஓடு போன்ற மங்கலான வளைவுகளும் வால்களும் வெளிவந்தன, எப்போதோ நடந்த மோதலின் தடயங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் 2023இல் வந்த ஜொனாதன் பியர்ஸ், க்ளைவ் டாட்ஹன்டர் குழுவின் ஆய்வு. கண்கூசல் இல்லாத இரண்டாம் வகைக் குவேசார்கள் 48, லா பால்மா தீவின் 2.5 மீட்டர் ஐசக் நியூட்டன் டெலஸ்கோப்பில் ஆழமான படங்கள், அதே அளவு நிறையுள்ள சாதாரணக் கேலக்சிகளோடு ஒப்பீடு. குவேசார்களில் 65 சதவீதம் மோதல் தடயத்தோடு இருந்தன. சாதாரணக் கேலக்சிகளில் 22 சதவீதம். என் பார்வையில் நமக்கு அருகிலிருக்கும் பிரகாசமான குவேசார்களைப் பொறுத்தவரை இது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. மங்கலானவற்றையும் பிரகாசமானவற்றையும் ஒரே கூடையில் போட்டு ‘ஆமாம் / இல்லை’ என்று தலைப்பு போடும் செய்திகள்தான் வாசகர்களைக் குழப்புகின்றன.

மோதல்தான் காரணமென்றால், மோதும் கேலக்சிகளில் பலவற்றில் குவேசார் இல்லையே?

நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு மோதல் முடிய 100 கோடி ஆண்டு வரை ஆகும். குவேசாராக எரியும் காலம் மொத்தமாகச் சேர்த்தாலும் சில கோடி ஆண்டு, அதிகம் போனால் பத்துக் கோடி ஆண்டு, அதிலும் விட்டு விட்டு எரிகிறது. எனவே மோதும் கேலக்சியைத் தற்செயலாகப் பார்க்கும்போது விளக்கு எரியாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதோடு, எரிந்தாலும் தூசுக்குள் மறைந்திருக்கலாம். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் வானத்தைப் பார்த்தபோது, லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் அகச்சிவப்பாகவே வீசும் கேலக்சிகள் கிடைத்தன. ஏறத்தாழ எல்லாமே மோதலில் இருப்பவை. 25 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஆர்ப் 220 இந்த வகை. இரண்டு கருக்கள் சுமார் 1,200 ஒளியாண்டு இடைவெளியில் தூசுக்குள் புதைந்து கிடக்கின்றன. 1988இல் டேவிட் சாண்டர்ஸ் குழு இவற்றைக் குவேசாரின் முந்தைய கட்டம் என்றது: முதலில் மோதல், அடுத்து தூசுக்குள் நட்சத்திரப் பிறப்பு, பிறகு உள்ளிருந்து குவேசார் தூசியை ஊதித் தள்ளிவிட்டு வெளிப்படுவது. நமக்கு மிக அருகில் உள்ள குவேசார்களில் ஒன்றான மார்க்கேரியன் 231, ஏறக்குறைய 60 கோடி ஒளியாண்டு, இந்த வெளிப்படும் தருணத்தில்தான் இருக்கிறது. அதன் உடம்பில் வால்கள் இன்னும் தொங்குகின்றன, மையத்திலிருந்து நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயு வெளியே அடித்துக்கொண்டிருக்கிறது.

குவேசார் அணைந்துபோவதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

அணைந்த தடயத்தைப் பார்த்திருக்கிறார்கள், கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னி வான் ஆர்க்கல், பொதுமக்கள் கேலக்சிகளை வகைப்படுத்த உதவும் கேலக்சி ஸூ திட்டத்தில் 2007இல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐசி 2497 என்ற கேலக்சிக்குக் கீழே ஒரு விசித்திர வண்ணத் திட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அது ஒரு பிரம்மாண்ட வாயு மேகம். குவேசார் ஒளியால் மட்டுமே அப்படி மின்ன முடியும். ஆனால் பக்கத்துக் கேலக்சியில் குவேசார் இல்லை! அந்த ஒளி மேகத்தைச் சென்றடையப் பல பத்தாயிரம் ஆண்டு எடுத்திருக்கிறது, அதற்குள் மையத்தில் விளக்கு தணிந்துவிட்டது. கடந்த 2 லட்சம் ஆண்டுக்குள் நடந்தது இது. வானியலில் 2 லட்சம் ஆண்டு என்பது நேற்று. அந்த மேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐசி 2497ஐச் சுற்றிச் சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ஹைட்ரஜன் வாயு இழுபட்டுக் கிடப்பதை ரேடியோ டெலஸ்கோப்புகள் காட்டின. பழைய மோதலில் பிய்ந்து வந்த வால்!

குவேசார் தன் கேலக்சியையே அழித்துவிடுமா?

அழிக்காது, புது நட்சத்திரம் பிறப்பதைத் தடுக்கலாம். வாயு வெளியேறிவிட்டால் எதை வைத்துப் பிறக்கும்? எதிர்மாறாகவும் நடக்கிறது: எச்இ 0450-2958 என்ற குவேசாரின் பீறல், அதாவது மையத்திலிருந்து தாரையாகப் பீறிட்டு வரும் பொருள், சுமார் 22,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பக்கத்துக் கேலக்சியில் போய் விழுகிறது, அங்கே ஆண்டுக்கு 350 சூரியன்கள் அளவுக்கு நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று 2009இல் டேவிட் எல்பாஸ் குழு காட்டியது.

மோதலுக்குப் பிறகு இரண்டு கருந்துளைகளும் என்ன ஆகும்?

மெல்ல மெல்ல நெருங்கும். என்ஜிசி 6240இல் இரண்டு கருந்துளைகளும் சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் எரிவதைச் சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் 2002இல் காட்டியது. (அதன் பெயர் நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்.) நெருங்கி நெருங்கிக் கடைசியில் ஈர்ப்பலைகளை, அதாவது வெளியையே அதிரவைக்கும் அலைகளை, வீசி இணைந்துவிடும். 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள், அவற்றில் இந்திய பல்சார் நேரக் குழுவும் ஒன்று, பல்சார்களின் (கடிகாரம் போலச் சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் இறந்த நட்சத்திரங்களின்) துடிப்பை வருடக்கணக்கில் அளந்து மிக மெதுவான ஈர்ப்பலை இரைச்சலுக்கு ஆதாரம் தந்தார்கள். புனேவுக்கு அருகில் உள்ள ராட்சத மீட்டர் அலை ரேடியோ டெலஸ்கோப்பின் தரவு அதில் இருக்கிறது, அதுவும் ஸ்வரூப் கட்டியதுதான். இந்த இரைச்சலுக்கு முதல் சந்தேகம் மோதிய கேலக்சிகளின் கருந்துளை ஜோடிகள் மேல்தான்.

குவேசார்கள் உண்மையில் பக்கத்திலேயே இருக்கின்றன என்று ஒருவர் சொன்னாரே?

ஹால்டன் ஆர்ப். விசித்திரக் கேலக்சிகளின் அட்லஸை 1966இல் தொகுத்தவர். மோதும் கேலக்சிகளை ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். என்ஜிசி 4319 என்ற அருகிலுள்ள கேலக்சியும் மார்க்கேரியன் 205 என்ற குவேசாரும் படத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, இரண்டும் ஒரே தூரம் என்று வாதிட்டார். அவை ஒரே கோட்டில் தெரிபவை, அவ்வளவுதான். 1979இல் ஒரே குவேசாரின் இரண்டு பிம்பங்கள் கிடைத்தன, நடுவில் ஒரு கேலக்சி லென்ஸ் போல ஒளியை வளைத்திருந்தது. ஒரு பிம்பத்தில் வரும் ஏற்ற இறக்கம் மற்றதில் சுமார் 417 நாள் கழித்து வருகிறது. லென்ஸுக்கு வெகு பின்னால் இருந்தால்தான் இது நடக்கும். குவேசார்களைச் சுற்றியுள்ள மங்கலில் நட்சத்திர ஒளியும் அதே செம்பெயர்ச்சியில் கிடைத்துவிட்டது. இதில் மேற்கொண்டு விவாதிக்க ஒன்றும் இல்லை.

பிரபஞ்சத்தின் ஆரம்பத்திலும் இப்படி மோதல்கள் இருந்தனவா?

இன்றைவிட அதிகம். கேலக்சிகள் நெருக்கமாக இருந்தன, வாயுவும் ஏராளம். குவேசார்கள் உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுக்கு முன். அதற்கும் வெகு முன்பு, பெருவெடிப்புக்குப் பின் 90 கோடி ஆண்டில், 40,000 ஒளியாண்டு இடைவெளியில் இணைந்துகொண்டிருக்கும் குவேசார் ஜோடி ஒன்றை யோஷிகி மட்சுவோகா குழு சுபாரு, ஜெமினி டெலஸ்கோப்புகளால் கண்டு 2024இல் அறிவித்தது. அந்தக் காலத்துக் குவேசார்களின் கேலக்சிகளில் நட்சத்திர ஒளியைப் பிரித்தெடுக்க முடிந்ததே 2023இல், ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் வந்த பிறகுதான்.

நம் பால்வெளி ஒருநாள் குவேசார் ஆகுமா?

நம் மையத்தில் இருக்கும் கருந்துளை 43 லட்சம் சூரியன்கள், இப்போது கிட்டத்தட்டப் பட்டினி கிடக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமீடா கேலக்சியோடு மோதினால் கொஞ்சம் எரியலாம். அந்த மோதலே நிச்சயம் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2025இல் வந்த கணக்கு அடுத்த 1,000 கோடி ஆண்டில் நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான் என்கிறது. எரிந்தாலும் இரண்டிலும் மிச்சமிருக்கும் வாயு பிரபஞ்சத்தின் ஆரம்பகாலக் கேலக்சிகளை ஒப்பிட்டால் குறைவு, 3சி 273 அளவுக்கு வராது என்று நினைக்கிறேன்.

வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு குவேசாரைப் பார்க்க முடியுமா?

முடியும், 3சி 273ஐ. 8 அங்குல டெலஸ்கோப்பும் ஊர் வெளிச்சம் இல்லாத இடமும் வேண்டும், நகர மொட்டை மாடியில் சிரமம். மார்ச் முதல் மே வரை நல்ல காலம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது உச்சி வானத்துக்கு மிக அருகில் வரும், அதனால் அடிவானத் தூசு தொந்தரவு கிடையாது. கன்னி ராசியில் சித்திரை நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து மேற்கே போர்ரிமா, அப்புறம் ஈட்டா வர்ஜினிஸ் என்று தாவுங்கள். ஈட்டாவிலிருந்து வடகிழக்கே மூன்றரை டிகிரி. அந்த இடத்தில் அதே அளவு மங்கலான நட்சத்திரங்கள் இருப்பதால் விரிவான வரைபடம் இல்லாமல் போகாதீர்கள், செல்போன் செயலியில் 13ஆம் ஒளிர்வுத் தரம் வரை காட்டும்படி அமைத்துக்கொண்டு, முக்கோணமாக நிற்கும் பக்கத்து நட்சத்திரங்களை வைத்து உறுதி செய்யுங்கள். கேலக்சியோ பீறலோ தெரியாது, ஒரு புள்ளிதான் தெரியும். கண்ணை நேரே வைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும், இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது கொடுங்கள்.